ஓநாயின் வயிற்றுக்குள் என்ன இருந்தது? தேவதைக் கதைகளின் புது வடிவங்களைப் படிக்க, பார்க்க ஒரு வழிகாட்டி

சிண்ட்ரெல்லா, ஸ்னோ ஒயிட், சிவப்புக் குல்லா போட்ட சிறுமி, உறங்கும் அழகி. இந்தக் கதைகளைப் புதிதாகச் சொல்லும் படங்களும் நாவல்களும் இன்று கொட்டிக் கிடக்கின்றன. புதிதாக உள்ளே வருகிறவர் பெரும்பாலும் டிஸ்னியின் ‘மலெஃபிசென்ட்’ மாதிரி ஒரு படத்தில் தொடங்குவார். அதே சாயலில் இன்னும் இரண்டு பார்ப்பார். “ஓ, வில்லியும் பாவம்தான், அவ்வளவுதானே” என்று முடிவுகட்டிவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. கடை வாசலில் அடுக்கியிருக்கும் சரக்கு அதுதான். நல்லது உள்ளே இருக்கிறது.

தமிழில் படிக்கிறவர்களுக்கு இந்த வேலை புதிதல்ல. புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’ படித்திருப்பீர்கள். இராமாயணத்தில் அகலிகைக்கு விமோசனம் கிடைத்ததும் அவள் பகுதி முடிந்துவிடுகிறது. புதுமைப்பித்தன் அதற்கு அப்புறம் அவள் எப்படி வாழ்ந்தாள் என்று தொடர்கிறார். சீதை வந்து தான் தீக்குளித்த கதையைச் சொல்ல, அதைக் கேட்ட அகலிகை கடைசியில் மறுபடி கல்லாகிறாள். வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்து ஒட்டவில்லை அவர். இரண்டு பெண்களும் இராமாயணத்தில் இருப்பவர்கள், இருவருக்கும் நடந்ததும் அதிலேயே இருக்கிறது. அவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார், அவ்வளவுதான்.

ஐரோப்பியத் தேவதைக் கதைகளின் மறுகூறல்களில் தேறியவையும் இப்படித்தான். பழைய கதையில் விளக்கம் இல்லாமல் கிடக்கும் ஏதோ ஒன்றைப் பிடித்து இழுக்கின்றன. பழைய கதை தெரியாமல் புதியதைப் பார்த்தால் அந்த இழுப்பு கண்ணில் படாது. அதனால் கீழே சொல்லியிருக்கும் வழி கொஞ்சம் பின்னால் போய்த்தான் முன்னால் வருகிறது. முடிவுகளைச் சொல்லாமல் இதை எழுத வழியில்லை. தெரிந்துகொள்ள விருப்பமில்லாத படத்தின் பெயர் வந்தால் அந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

முதலில், ஒரே ஒரு கதை

பத்துக் கதைகளின் பத்துப் புது வடிவங்களைப் பார்ப்பதைவிட, ஒரே கதையின் ஐந்து வடிவங்களைப் பார்ப்பது நல்லது. எந்தக் கதை? சிவப்புக் குல்லாவைத்தான் சொல்வேன். சிறுமி, பாட்டி, காடு, ஓநாய், இவ்வளவுதான் ஆட்கள். பழைய வடிவங்கள் எல்லாமே சின்னவை, ஒரே உட்காரலில் படித்து முடித்துவிடலாம். முக்கியமாக, மூன்று பழைய வடிவங்களுக்கும் மூன்று வேறு முடிவுகள். அந்த இடைவெளியில்தான் புது எழுத்தாளர்கள் எல்லோரும் புகுந்தார்கள்.

பழையதைப் படியுங்கள், டிஸ்னியை அல்ல

நமக்குத் தெரிந்த தேவதைக் கதை பெரும்பாலும் சினிமா சொன்ன தேவதைக் கதை. இளவரசன் முத்தமிட்டு ஸ்னோ ஒயிட் எழுகிறாளே, அது 1937ஆம் ஆண்டு டிஸ்னி படம். ஜெர்மனியில் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் கதையில், கண்ணாடிப் பெட்டியைச் சுமந்து போகிறவர்கள் கால் தடுக்கித் தடுமாற, தொண்டையில் சிக்கியிருந்த ஆப்பிள் துண்டு வெளியே வந்து விழுகிறது. தவளை இளவரசனுக்கும் அங்கே முத்தம் கிடையாது. இளவரசி கோபத்தில் அவனைச் சுவரில் ஓங்கி அடிக்கிறாள், அவன் மனிதனாகிவிடுகிறான். இதெல்லாம் தெரியாமல் “புது இயக்குநர் கதையை மாற்றிவிட்டார்” என்று சொல்வது வம்பு. சில சமயம் அவர் பழைய இடத்துக்குத் திரும்பிப் போயிருப்பார்.

சிவப்புக் குல்லாவை இந்த வரிசையில் படியுங்கள். முதலில் ஷார்ல் பெரோ, பாரிஸ், 1697. சிறுமி ஒரு பணியாரமும் சின்னக் குடுவை வெண்ணெயும் கொண்டு போகிறாள். வழியில் பார்க்கும் ஓநாய் அங்கேயே அவளைத் தின்னாததற்குக் காரணம், பக்கத்தில் மரவெட்டிகள் இருக்கிறார்கள். பாட்டி வீட்டில் சிறுமி உடையைக் களைந்துவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுக்கிறாள். கைகள் ஏன் இவ்வளவு பெரிசு, பற்கள் ஏன் இவ்வளவு பெரிசு என்ற கேள்விகள் முடிந்ததும் ஓநாய் அவளைத் தின்றுவிடுகிறது. அவ்வளவுதான் கதை. வேடனும் வரமாட்டான், வயிற்றையும் கிழிக்கமாட்டார்கள். அதற்குக் கீழே செய்யுளில் ஒரு நீதி: ஓநாய்களில் பல வகை உண்டு, சாதுவாக, இனிக்க இனிக்கப் பேசிக்கொண்டு இளம்பெண்கள் பின்னால் வீடுவரை வருகிறவைதான் மிக ஆபத்து என்று. அரண்மனைப் புழக்கம் உள்ள ஒரு கனவான், அரண்மனைப் பெண்களுக்குச் சொன்ன கதை இது. குழந்தைகளுக்கென்று மட்டும் எழுதியதாகத் தோன்றாது.

அடுத்தது வாய்மொழி வடிவம். பிரான்சின் நியெவ்ர் பகுதியில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பதிவானது, ‘பாட்டியின் கதை’ என்ற பெயரில் கிடைக்கும். இதில் சிறுமிக்குக் குல்லாவே கிடையாது, சிவப்பும் கிடையாது. அது பெரோ போட்டுவிட்டது. வருவது மனித ஓநாய். “ஊசிப் பாதையில் போகிறாயா, குண்டூசிப் பாதையில் போகிறாயா?” என்று கேட்கிறான். முந்திப் போய்ப் பாட்டியைக் கொன்று, கொஞ்சம் மாமிசத்தை எடுத்து வைக்கிறான், ரத்தத்தை ஒரு புட்டியில் நிரப்பி வைக்கிறான். சிறுமி வந்து தெரியாமல் அதைச் சாப்பிட்டுக் குடிக்கிறாள். அங்கே இருக்கும் பூனை அவளைத் திட்டுகிறது. உடைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி நெருப்பில் போடச் சொல்கிறான் அவன். கட்டிலில் படுத்த பிறகுதான் இவளுக்கு விஷயம் புரிகிறது. “வெளியே போகணும், அவசரம்” என்கிறாள். “இங்கேயே போ” என்கிறான். முடியாது என்று அடம்பிடித்ததும் காலில் கயிறு கட்டி அனுப்புகிறான். வெளியே வந்தவள் கயிற்றை அவிழ்த்து முற்றத்துப் பிளம் மரத்தில் கட்டிவிட்டு ஓடிவிடுகிறாள். யாரும் வந்து காப்பாற்றவில்லை. மூன்றிலும் எனக்குப் பிடித்தது இதுதான். இந்தச் சிறுமிக்கு ஏழெட்டு வயது மூளையும் முப்பது வயதுத் துணிச்சலும் இருக்கிறது.

மூன்றாவது கிரிம், 1812. பணியாரத்தோடு வெண்ணெய்க்குப் பதில் ஒயின். “பாதையை விட்டு விலகாதே” என்று அம்மா சொல்வது இங்கேதான் வருகிறது. வேடன் வந்து, சுடலாம் என்று நினைத்து, பாட்டி உள்ளே உயிரோடு இருந்தால் என்ன செய்வது என்று யோசித்து, கத்தரிக்கோலால் வயிற்றை வெட்டுகிறான். சிறுமி கல் பொறுக்கி வந்து ஓநாயின் வயிற்றில் நிரப்புகிறாள். பெரும்பாலானவர்கள் இத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். மூடாதீர்கள். கீழே இன்னொரு சின்னக் கதை இருக்கிறது: இரண்டாவதாக ஒரு ஓநாய் வருகிறது. இந்தத் தடவை சிறுமி பேச்சுக் கொடுக்காமல் நேராகப் பாட்டியிடம் ஓடுகிறாள். இருவரும் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். ஓநாய் கூரைமேல் ஏறிக் காத்திருக்க, சாஸேஜ் வேகவைத்த தண்ணீரைச் சிறுமி வாசலில் இருக்கும் கல்தொட்டியில் குடம் குடமாக ஊற்றுகிறாள். வாசனைக்குக் கழுத்தை நீட்டிய ஓநாய் சறுக்கித் தொட்டியில் விழுந்து மூழ்கிச் சாகிறது. வேடனே தேவையில்லாத முடிவு ஒன்று கிரிமிலேயே இருக்கிறது. உலகம் அதை மறந்துவிட்டு வேடனை மட்டும் வைத்துக்கொண்டது.

கிரிம் சகோதரர்கள் ஊர் ஊராகப் போய்க் கிழவிகளிடம் கேட்டு எழுதினார்கள் என்ற நம்பிக்கையையும் இங்கேயே விட்டுவிடலாம். இந்தக் கதையை அவர்களுக்குச் சொன்னவர்கள் காஸல் நகரத்தின் ஹாஸன்ஃப்ளூக் குடும்பத்துப் பெண்கள். படித்த, பிரெஞ்சு வழிவந்த குடும்பம். ஜெர்மன் கிராமத்துக் குரல் என்று நாம் நினைப்பதில் பாரிஸ் வாசனை வீசுவது அதனால்தான்.

எங்கே கிடைக்கும்? பெரோவும் கிரிமும் பதிப்புரிமை தாண்டியவர்கள். புராஜெக்ட் குட்டன்பெர்க் இணைய நூலகத்தில் ஆங்கில மொழிபெயர்ப்புகள் இலவசம். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத் தளத்தில் டி. எல். ஆஷ்லிமன் என்ற பேராசிரியர் ஒவ்வொரு கதைக்கும் பல நாட்டு வடிவங்களை ஒரே பக்கத்தில் தொகுத்து வைத்திருக்கிறார். ஆரம்பிக்கிறவர்களுக்கு அதைவிடச் சௌகரியமான இடம் இல்லை. கிரிமில் ஒரு எச்சரிக்கை: 1812இல் தொடங்கி 1857 வரை ஏழு பதிப்புகள் வந்தன, கதைகள் மாறிக்கொண்டே போயின. ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொல்வது முதல் பதிப்பில் பெற்ற தாய். 1819இல்தான் அவளைச் சாகவிட்டு மாற்றாந்தாயைக் கொண்டுவந்தார்கள். நீங்கள் படிப்பது எந்தப் பதிப்பின் மொழிபெயர்ப்பு என்று முன்னுரையில் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் பதிப்பு வேண்டுமென்றால் ஜாக் ஸைப்ஸ் 2014இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது.

ஒரு தாளில் கொஞ்சம் குறிப்பு

படித்து முடித்த கையோடு ஒரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். யார் எச்சரிக்கிறார்கள், யார் தப்பு செய்கிறார்கள், யார் காப்பாற்றுகிறார்கள், யாருக்குத் தண்டனை என்று மூன்று வடிவத்துக்கும் எழுதுங்கள். இது எளிது, பத்து நிமிட வேலை. கடைசியாக இன்னொரு வரி: எதற்குக் கதையில் பதிலே இல்லை?

இந்த வரிக்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டி ஏன் ஊரை விட்டுத் தள்ளித் தனியாக இருக்கிறாள்? ஓநாய் திரியும் காட்டுக்கு அம்மா ஏன் சின்னப் பெண்ணைத் தனியாக அனுப்பினாள்? அப்பா எங்கே? கட்டிலில் கிடப்பது பாட்டி இல்லை என்பது சொந்தப் பேத்திக்கு எப்படித் தெரியாமல் போகும்? இப்படி ஏழெட்டுக் கேள்வி வரும். புது வடிவங்களைப் பார்க்கும்போது இந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கேள்வியில் கை வைத்திருக்கிறார்கள் என்று தேடுங்கள். எதிலுமே கை வைக்காமல் உடையையும் ஊரையும் மட்டும் மாற்றியிருந்தால் அந்தப் படைப்பு உங்களுக்குத் தரப்போவது கொஞ்சம்தான்.

சின்னதில் ஆரம்பியுங்கள்

நேராக நாவலுக்குப் போகவேண்டாம். ஜேம்ஸ் தர்பர் என்ற அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் 1939இல் இந்தக் கதையை அரைப் பக்கத்தில் எழுதினார். சிறுமி உள்ளே நுழைந்ததுமே படுத்திருப்பது ஓநாய் என்று கண்டுபிடித்து, கூடையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிடுகிறாள். ரோல்ட் டால் 1982இல் இதையே செய்யுளாகச் செய்தார். அங்கேயும் துப்பாக்கிதான், கடைசியில் சிறுமி ஓநாய்த் தோல் கோட்டு போட்டுக்கொண்டு வலம் வருகிறாள். இரண்டும் சிரிக்க வைக்கும். “பேத்திக்கு எப்படித் தெரியாமல் போகும்?” என்ற கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு, தெரியும் என்று பதில் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கின்றன. முதல் படிக்கு அது போதும்.

அடுத்தது ஏஞ்சலா கார்ட்டர். இந்தத் துறையில் ஒரே ஒரு புத்தகம்தான் படிப்பேன் என்கிறவருக்கு நான் கொடுப்பது அவருடைய ‘தி பிளடி சேம்பர்’ தொகுப்பு, 1979. அதற்கு இரண்டு வருஷம் முன்பு அவர் பெரோவின் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருந்தார் என்பதைக் கவனியுங்கள். வரி வரியாக உட்கார்ந்து பழையதை மாற்றி எழுதிய கை அது. பழைய கதையில் எங்கே ஓட்டை என்று அதற்குத் தெரியும்.

தொகுப்பில் ஓநாய்க் கதைகள் மூன்று. ‘தி வேர்வுல்ஃப்’ என்ற சின்னக் கதையை முதலில் எடுங்கள். இரண்டு மூன்று பக்கம்தான். குளிர்நாட்டுக் கிராமம், மூடநம்பிக்கை மிகுந்த ஜனங்கள். பக்கத்து வீடுகளில் பாலாடைக்கட்டி பதமாகாதபோது தன் வீட்டில் மட்டும் பதமாகிற கிழவியைச் சூனியக்காரி என்று கல்லால் அடித்துக் கொல்வார்கள் என்று ஆரம்பத்திலேயே, போகிற போக்கில் சொல்லிவிடுகிறார். அப்புறம் சிறுமி பாட்டியைப் பார்க்கக் கிளம்புகிறாள், கையில் அப்பாவின் வேட்டைக் கத்தி. ஓநாய் பாய்கிறது, அதன் முன்னங்காலை வெட்டிவிடுகிறாள். துணியில் சுற்றிக் கூடையில் போட்டுக்கொண்டு பாட்டி வீட்டுக்குப் போகிறாள். பாட்டி காய்ச்சலில் கிடக்கிறாள். நெற்றியில் போட ஈரத்துணி வேண்டுமே என்று சிறுமி துணியை உதறுகிறாள். கீழே விழுவது ஓநாயின் கால் இல்லை, ஒரு கை. திருமண மோதிரம் போட்ட கை. ஆள்காட்டி விரலில் ஒரு மரு. அந்த மருவை வைத்து அது பாட்டியின் கை என்று தெரிந்துகொள்கிறாள். போர்வையை விலக்கினால் பாட்டிக்கு ஒரு கை இல்லை. கத்துகிறாள். அக்கம்பக்கத்தார் ஓடிவந்து மருவைப் பார்த்து, சூனியக்காரிதான் என்று முடிவுசெய்து, கிழவியைப் பனியில் துரத்திக் கல்லால் அடித்துக் கொல்கிறார்கள். சிறுமி பாட்டியின் வீட்டிலேயே குடியேறி நன்றாக வாழ்ந்தாள் என்று கதை முடிகிறது.

முடித்ததும் தாளைப் பாருங்கள். பாட்டி ஏன் தனியாக இருக்கிறாள்? ஓநாய் ஏன் பாட்டியின் கட்டிலில் இருக்கிறது? இரண்டு கேள்விக்கும் ஒரே பதிலாகப் பாட்டியையே ஓநாயாக்கிவிட்டார். அத்தோடு நிற்கவில்லை. காட்டில் நடந்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை. வீடு யார் கைக்கு வந்தது? முதல் பத்தியின் பாலாடைக்கட்டிக் கிழவியை நினைவு வைத்துக்கொண்டு மறுபடி படித்தால், நாம் நம்பிய சிறுமி வேறு மாதிரி தெரிய ஆரம்பிப்பாள். இரண்டு வாசிப்பும் செல்லும். இதுதான் நான் சொன்ன இழுப்பு.

அடுத்து ‘தி கம்பெனி ஆஃப் வுல்வ்ஸ்’. பெரோவின் கட்டில் காட்சி, வாய்மொழி வடிவத்தின் நெருப்பில் போடும் உடைகள், இரண்டும் இதில் வருகின்றன. “பற்கள் ஏன் இவ்வளவு பெரிசு?” என்ற கேள்விக்கு வழக்கமான பதில் வந்ததும் இந்தப் பெண் பயப்படவில்லை, சிரிக்கிறாள். தான் யாருக்கும் இரை இல்லை என்று அவளுக்குத் தெரியும். மூன்றாவது கதையைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம், மொழி கடினம்.

அப்புறம் படம்

‘தி கம்பெனி ஆஃப் வுல்வ்ஸ்’ கதையை வைத்து நீல் ஜோர்டன் 1984இல் அதே பெயரில் படம் எடுத்தார். திரைக்கதையில் கார்ட்டரும் உண்டு. பாட்டியாக ஏஞ்சலா லான்ஸ்பரி. ஒரு நவீன வீட்டில் தூங்கும் பெண்ணின் கனவுக்குள் கதை, அதற்குள் பாட்டி சொல்லும் கதை, அதற்குள் இன்னொன்று. காடு முழுக்க ஸ்டூடியோவில் போட்ட செட், அது செட் என்று தெரிவதைப் பற்றிப் படத்துக்குக் கவலையில்லை. மனிதன் வாய்க்குள்ளிருந்து ஓநாயின் மூக்கு வெளியே வருகிற காட்சி இன்றைய கணினி வித்தைகளுக்குப் பழகிய கண்ணையும் திருப்பும். முடிவில் கனவின் ஓநாய்கள் நிஜ அறைக்குள் பாய, பெரோவின் அந்தப் பழைய நீதிச் செய்யுள் குரலாக ஒலிக்கிறது. கார்ட்டரின் கதை சொன்னதற்கு நேர் எதிரான முடிவு இது. எது சரி என்று நண்பர்களோடு சண்டை போட நல்ல இடம்.

அதன் பிறகு மூன்று திசையில் போகலாம். ‘ஃப்ரீவே’ (1996) கதையைக் கலிஃபோர்னியா நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோகிறது. ரீஸ் விதர்ஸ்பூன் கையில் கூடையோடு பாட்டியைத் தேடிப் போக, வழியில் லிஃப்ட் கொடுக்கிறவன்தான் ஓநாய். வன்முறையும் கெட்ட வார்த்தையும் நிறைய, பெரியவர்களுக்கு மட்டும். ‘ஜின்-ரோ’ (1999) ஜப்பானிய அனிமேஷன், காவல்துறை உளவுக் கதை. படம் நெடுக ஒரு சிவப்புக் குல்லாப் புத்தகம் வாசிக்கப்படுகிறது. அது கிரிம் இல்லை, மாமிசமும் ரத்தமும் வரும் வாய்மொழி வடிவம். மேலே சொன்னதைப் படித்திருந்தால்தான் அந்த இடங்கள் சுரீரென்று இருக்கும். குழந்தைகளோடு பார்க்க ‘ஹூட்விங்க்ட்’ (2005): பாட்டி வீட்டில் எல்லோரையும் பிடித்து வைத்து, ஒரு தவளைத் துப்பறிவாளர் தனித்தனியாக வாக்குமூலம் வாங்குகிறார். 2011இல் வந்த ‘ரெட் ரைடிங் ஹூட்’ படத்தை விட்டுவிடலாம். ஊரில் யார் ஓநாய் என்ற மர்மத்தை மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைக் காதல் முக்கோணத்துக்குக் கொடுத்துவிட்டது.

இரண்டாவது கதை சிண்ட்ரெல்லா

ஒரு கதையை இப்படி முடித்துவிட்டால் அடுத்தது வேகமாகப் போகும். பெரோவின் சிண்ட்ரெல்லாவில் பூசணிக்காய் வண்டி, தேவதை, கண்ணாடிச் செருப்பு. கடைசியில் அக்காமார்களை மன்னித்து நல்ல இடத்தில் கல்யாணமும் செய்துவைக்கிறாள். கிரிமில் தேவதை இல்லை, அம்மா சமாதிமேல் வளரும் மரமும் பறவைகளும்தான். செருப்புக்குள் கால் போக ஒருத்தி கட்டைவிரலையும் இன்னொருத்தி குதிகாலையும் வெட்டிக்கொள்கிறார்கள், ரத்தத்தைப் பார்த்துப் புறாக்கள் காட்டிக்கொடுக்கின்றன. கடைசியில் அவர்கள் கண்களைக் கொத்துவதும் புறாக்கள்தான். டிஸ்னி 1950இல் எடுத்துக்கொண்டது பெரோவை. ஆகவே நம் தலையில் இருப்பதும் பெரோதான்.

இதில் கேட்க வேண்டிய கேள்வி: வேலை வாங்குகிறார்கள், அடிக்கிறார்கள், ஆனாலும் அவள் ஏன் மறுபேச்சுப் பேசாமல் செய்கிறாள்? கெயில் கார்ஸன் லெவைனின் ‘எல்லா என்சான்டட்’ (1997) இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. பிறந்தபோது ஒரு தேவதை பரிசு என்று நினைத்துக் கீழ்ப்படிதலைக் கொடுத்துவிட்டாள். யார் எதைச் சொன்னாலும் எல்லா என்ற அந்தப் பெண் செய்தே ஆகவேண்டும், உடம்பு மறுக்க விடாது. இளவரசனைக் கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லும்போது, அவனை நேசித்தும் முடியாது என்கிற இடத்தில்தான் சாபம் உடைகிறது. சிறுவர் நாவல், எளிய ஆங்கிலம், தைரியமாக எடுங்கள். 2004இல் வந்த படம் நாவலின் பாதி கூட இல்லை.

எதிர்முனையில் நார்வேப் படமான ‘தி அக்லி ஸ்டெப்சிஸ்டர்’ (2025). எமிலி பிளிக்ஃபெல்ட் இயக்கியது. கிரிமின் வெட்டிய விரலைப் பிடித்துக்கொண்டு, அந்த வெட்டுவரைக்கும் ஒரு பெண் எப்படி வந்து சேர்ந்திருப்பாள் என்று பின்னோக்கிப் போகிறது. மூக்கைச் சரிசெய்கிறார்கள், மெலிவதற்கு நாடாப்புழு முட்டையை விழுங்குகிறாள். சாப்பிட்டுவிட்டு உட்காராதீர்கள். கிரிம் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன வலியை இந்தப் படம் தாண்டிப்போக விடுவதில்லை.

பக்கம் மாறும் கதைகள்

வில்லியின் பக்கமிருந்து சொல்வது இன்று மிக அதிகமாக வரும் வகை. செய்வது சுலபம் என்பதும் ஒரு காரணம். உறங்கும் அழகியைச் சபித்த தேவதையின் பக்கமிருந்து சொல்லும் ‘மலெஃபிசென்ட்’ (2014) நல்ல உதாரணம். காதலித்தவன் மயக்க மருந்து கொடுத்துச் சிறகை அறுத்துக்கொண்டு போகிறான், விழித்தவள் முதுகைத் தடவிப் பார்த்து அலறுகிறாள். அந்தக் காட்சி உண்மையிலேயே வேலை செய்கிறது. ஆனால் அதற்கப்புறம், ராஜாவாகிவிட்ட அவன் வெறும் வில்லனாகிவிடுகிறான். முன்பு அவள் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது அவன், அவ்வளவுதான் மாற்றம்.

பழைய கதையைப் பாருங்கள். கிரிமில் நாட்டில் ஞானப் பெண்கள் பதின்மூன்று பேர், ராஜாவிடம் தங்கத் தட்டு பன்னிரண்டுதான். தட்டுப் போதாததால் இளவரசி பிறந்த விருந்துக்கு ஒருத்தியை அழைக்கவில்லை! ஒரு அரண்மனையின் நூறு வருஷத் தூக்கத்துக்குக் காரணம் ஒரு தட்டு. பெரோவில் அந்தக் கிழத் தேவதை ஐம்பது வருஷமாக வெளியே வரவில்லை, செத்துவிட்டாள் என்று நினைத்து விட்டுவிட்டார்கள். இந்த அவமானத்தைத் தொட்டு எழுத இன்னும் நிறைய இடம் இருக்கிறது. பெரோவின் கதையில் கல்யாணத்துக்கு அப்புறம் இளவரசனின் அம்மா பேரக்குழந்தைகளைச் சமைத்துத் தின்னக் கேட்கும் இரண்டாம் பாதி ஒன்றும் உண்டு. படமெடுப்பவர்கள் அந்தப் பக்கமே போவதில்லை.

ஆகவே பக்கம் மாறும் கதை கையில் வந்தால் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: பழைய வில்லியைப் புரிந்துகொண்ட கதை, புதிதாக இன்னொருவரை அதே பழைய முறையில் வில்லனாக்கியிருக்கிறதா? ஆக்கியிருந்தால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

நாவலுக்குப் போகும்போது

நயோமி நோவிக்கின் ‘ஸ்பின்னிங் சில்வர்’ (2018) நல்ல தொடக்கம். முதலில் கிரிமின் ‘ரம்பல்ஸ்டில்ட்ஸ்கினை’ ஒருமுறை படித்துவிடுங்கள். மகள் வைக்கோலைப் பொன்னாக்குவாள் என்று அப்பன் பொய் சொல்கிறான், செய்யாவிட்டால் தலை போகும் என்று ராஜா மிரட்டுகிறான், அவனையே அவள் கல்யாணம் செய்துகொள்கிறாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றிய ஒரே ஆள் அவளுக்காகப் பொன் நூற்றுக் கொடுத்த குள்ளன், அவன்தான் கடைசியில் தன்னையே இரண்டாகக் கிழித்துக்கொண்டு சாகிறான். பொன்னாசை பிடித்த குள்ளனின் உருவத்தில் யூதர்களைப் பற்றிய பழைய ஐரோப்பிய வெறுப்பின் சாயல் இருக்கிறது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். நோவிக் வட்டிக்குக் கடன் கொடுக்கும் ஒரு யூதரின் மகளையே கதாநாயகியாக்குகிறார். அப்பாவுக்குக் கடனைக் கேட்டு வாங்க மனசு வராது. மகள் வாசல் வாசலாகப் போய் நின்று வசூலிக்கிறாள். வாங்கியதைத் திருப்பித் தராமல் தப்பிக்க ஊர் சொல்லிக்கொள்ளும் கதைதான் அந்தப் பழைய கதை என்கிறாள். முதல் அத்தியாயத்தைப் படித்துப் பாருங்கள், பிடித்தால் போய்க்கொண்டே இருக்கலாம். கதை சொல்லும் குரல்கள் நடுவில் கூடிக்கொண்டே போகும், பயப்பட வேண்டாம்.

ஸ்னோ ஒயிட் வேண்டுமென்றால் ஹெலன் ஓயயெமியின் ‘பாய், ஸ்னோ, பேர்ட்’ (2014). 1950களின் அமெரிக்கா, வெள்ளையர்கள் என்றே காட்டிக்கொண்டு வாழும் கறுப்பினக் குடும்பம், நடுவில் கண்ணாடி. ‘யார் அழகு’ என்ற கேள்விக்குள் தோல் நிறம் எப்போதும் இருந்தது என்பதை அது பிடித்து இழுக்கிறது. அதே கதைக்குப் படம் என்றால் ஸ்பெயினின் ‘பிளாங்காநியெவெஸ்’ (2012): 1920களில் நடக்கும் காளைச் சண்டைக் கதை, வசனமில்லாத கறுப்பு வெள்ளைப் படம்.

எண்ணை வைத்துத் தேடுவது

இவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு ஒரு குறுக்கு வழி. நாட்டார் கதைகளை ஆராய்கிறவர்கள் கதை வகைகளுக்கு எண் போட்டு வைத்திருக்கிறார்கள். ஃபின்லாந்தின் ஆர்னே 1910இல் ஆரம்பித்தது, அமெரிக்காவின் தாம்ஸன் விரிவாக்கினார், ஜெர்மனியின் ஊத்தர் 2004இல் திருத்தினார். சிவப்புக் குல்லா 333, சிண்ட்ரெல்லா 510, ஸ்னோ ஒயிட் 709, உறங்கும் அழகி 410. பெயரை விட்டுவிட்டு எண்ணால் தேடினால் வேறு தேசங்கள் வந்து நிற்கும். சீனாவில் 9ஆம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்ட யே ஷியன் கதையில் சிண்ட்ரெல்லாவுக்கு உதவுவது மீன் எலும்பு. ஏ. கே. ராமானுஜன் எழுதிக்காட்டிய கன்னடத்துச் சிண்ட்ரெல்லாவான ஹஞ்சிக்குச் செருப்பு கிடையாது, களிமண் முகமூடி. தைவானின் புலிப்பாட்டிக் கதையில் பாட்டி வேஷத்தில் வரும் புலியிடமிருந்து பெண் தப்பிப்பது எப்படித் தெரியுமா? வெளியே போகணும் என்று சொல்லி, கட்டிய கயிற்றை அவிழ்த்துவிட்டு. நியெவ்ர் சிறுமியின் அதே தந்திரம்.

ராமானுஜன் சேகரித்த இன்னொரு கன்னடக் கதை, பூக்கும் மரமாக மாறும் பெண்ணின் கதை, 2006இல் ஜான் ஆடம்ஸின் ஆபெராவாகவே வந்தது. புது வடிவங்கள் ஐரோப்பியக் கதைகளுக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தால் அதைக் கேட்டுப் பாருங்கள்.

ஆண்டர்சனுக்குத் தனித் தாள்

ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சனைக் கிரிமோடு சேர்த்து வைக்கக் கூடாது. ‘குட்டிக் கடல்கன்னி’ (1837) அவரே கற்பனை செய்து எழுதியது. அதற்கு வாய்மொழி வடிவங்களைத் தேடி ஒப்பிட வழியில்லை, மூலம் ஒன்றே ஒன்றுதான். அதனால் மேலே சொன்ன தாளில் மூன்று கட்டம் போடாமல் ஒன்று போட்டால் போதும். அந்த ஒன்றில் எழுத வேண்டியது அதிகம்: நாக்கை இழக்கிறாள், வைக்கும் ஒவ்வொரு அடியும் கத்திமேல் நடப்பதாக வலிக்கிறது, இளவரசன் வேறொருத்தியை மணக்கிறான், அவனைக் குத்தினால் உயிர் பிழைக்கலாம் என்று கொடுத்த கத்தியைக் கடலில் எறிகிறாள், நுரையாகி, பிறகு காற்றின் மகள்களோடு சேர்கிறாள். டிஸ்னி (1989) இதில் எதையெல்லாம் விட்டது என்று குறித்துக்கொண்டு, அப்புறம் போலந்துப் படமான ‘தி லூர்’ (2015) பாருங்கள். 1980களின் வார்சா இரவு விடுதியில் பாடும் இரண்டு கடல்கன்னிகள், பாட்டு நிறைய, ரத்தமும் நிறைய. டிஸ்னி விட்டதை எல்லாம் அது திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறது. குழந்தைகள் தூங்கிய பிறகு போடுங்கள்.